கேட் மூணு கேமராவும் நான் சுருக்கிய ரூல்களும்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் அப்போது நெட்வொர்க் வேலை பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலை யார்டு மேனேஜர் தனசேகர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"கேட் மூணு வழியா காப்பர் கேபிள் சுருள் ஒண்ணு வெளிய போயிருக்கு. ரெக்கார்டிங்ல அந்த நேரம் காணோம். உள்ள இருக்கிறவங்கதான் யாரோ கேமராவ நிறுத்திகினு கீறாங்க. யாருன்னு பாரு."

கேட் மூணு ரெக்கார்டிங் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரிலேயே ஆகும்; அங்கே படம் நின்றால் பதிவும் நிற்கும். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று பதியும் அதன் லாக்கை எடுத்தேன். பகல் முழுக்க அந்தக் கேமரா விண்டோவை யாரோ மூடி மூடித் திறந்திருந்தார்கள். எல்லாம் மும்தாஜின் லாகின். ராயபுரத்திலிருந்து வரும் ஆபரேட்டர், எட்டு வருஷ சர்வீஸ்.

கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "நான் எங்க சார் நிறுத்துனேன்? படம் தானா நின்னுபூடுது. மூடித் தொறந்தா வருது. அதான் பண்ணிகினு கீறேன்."

"மத்த கேமரா எதுவும் நிக்கலையே?"

"அது எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான நெட்வொர்க்கு."

மாட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன். லாக்கைப் பிரிண்ட் எடுத்து மேனேஜரிடம் கொடுத்தேன். மத்தியானமே மும்தாஜை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஆள் இல்லாததால் அந்த சீட்டில் நானே உட்கார்ந்தேன். நாலு நிமிஷம் சொச்சத்தில் கேட் மூணு படம் அப்படியே நின்றது. மூடித் திறந்தேன், வந்தது. மறுபடி நாலு நிமிஷம், மறுபடி நின்றது. 

எங்கள் கேமராக்கள் மல்டிகாஸ்டில், அதாவது ஒரே படத்தைக் கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்பும் முறையில், ஓடுபவை. கேட்ட கம்ப்யூட்டருக்கு மட்டும் ஸ்விட்ச் படத்தை அனுப்பும். "இன்னும் வேணுமா?" என்று ரவுட்டர் அவ்வப்போது எல்லோரையும் விசாரிக்கும். பதில் வராவிட்டால் ஸ்விட்ச் நிறுத்திவிடும். இரண்டு வாரம் முன்னால் ஃபயர்வாலில் கேமராவுக்கு ஒன்று என்று அறுபது ரூல் இருந்தது. ஃபயர்வால் பெட்டி திணறியது. நான் இரண்டாகச் சுருக்கினேன்: 239-ல் தொடங்கும் கேமரா குரூப் முகவரிகளுக்கு அனுமதி, மற்ற மல்டிகாஸ்ட் எல்லாம் டிராப், அதாவது உள்ளே விடாமல் தள்ளிவிடு. லோடு இறங்கியது, பாராட்டும் கிடைத்தது. ஆனால் ரவுட்டரின் விசாரிப்பு 224.0.0.1 என்ற முகவரிக்குப் போகும். அதையும் சேர்த்து டிராப் செய்திருக்கிறேன்; கேள்வியே வராததால் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை, ஸ்விட்ச் படத்தை நிறுத்திவிட்டது. மற்ற கேமராக்கள் திரையில் நிமிஷத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே வரும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும், அதனால் நிற்கவில்லை. கேட் மூணு மட்டும் எப்போதும் திரையில் இருக்கும் படம்.

டிராப் ரூல் எத்தனை முறை தடுத்தது என்று எண்ணும் கவுண்டரைப் பார்த்தேன். ஏறிக்கொண்டே இருந்தது. அதற்கு மேலே ஒரே வரி, ரவுட்டரின் விசாரிப்புக்கு அனுமதி என்று சேர்த்தேன். சாயங்காலம்வரை படம் நிற்கவில்லை.

மேனேஜரிடம் போனேன். "சரி, கேமரா உன் தப்பு. கேபிள்? அந்தம்மாவுக்குத் தெரியாமலா போயிருக்கும்?" என்றார்.

"அவங்க மேல இருந்த ஒரே ஆதாரம் நான் குடுத்த லாக்தான் சார். அது தப்பு," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மும்தாஜ் வேலைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒரு தபா பக்கத்துல வந்து குந்திருந்தா, நாலு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும் சார்."

கேபிள் கடைசிவரை கிடைக்கவில்லை. மும்தாஜின் பையை மட்டும் கேட்டில் ரொம்ப நாள் கூடுதலாகச் சோதித்தார்கள்.

யார் செய்தார்கள் என்று லாக் சொல்லும், ஏன் செய்தார்கள் என்று சொல்லாது. இப்போதெல்லாம் புகார் வந்தால் முதலில் அந்த சீட்டில் வேலை பார்ப்பவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன். அடுத்து, நான் கடைசியாக மாற்றிய ரூலின் கவுண்டரைப் பார்க்கிறேன். லாக்கைத் திறப்பது அதற்கப்புறம்தான்.