அறுந்த சாக்கட்டிக் கோடு

பிளிமத்தில் அந்தத் தெரு முழுக்க ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரிகளின் வீடுகள். எல்லா வாசல்களிலும் பித்தளைக் கைப்பிடி பளபளக்கும். கேப்டன் எட்மண்ட் ராக்ஸல் வீட்டில் மட்டும் அது கறுத்துக் கிடந்தது.

"எதிர் வீட்டு மேரி கேக்குறா, உங்க வீட்டுக் கைப்பிடி யாருக்குத் துக்கம் காக்குதுன்னு," என்றாள் வேலைக்காரி பெஸ்ஸி. "ஒரே ஒரு தடவை தேய்ச்சிடறேனே, ஐயா?"

"தேய்க்கக் கூடாதுன்னா கூடாது."

ஒரு காலத்தில் அவரைப் போலத் தேய்க்க வைத்தவர் எவருமில்லை. டெவன் பாதிரியார் ஒருவரின் நான்காவது மகன் அவர். பதின்மூன்று வயதில் பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். அட்மிரல் பார்வையிட வரும்போது பெயின்ட்டும் பித்தளையும்தான் கண்ணில் படும், பீரங்கி குறி தப்புவது படாது என்பதை அங்கேயே கற்றுக்கொண்டார். அரசு கொடுக்கும் பெயின்ட் போதாது. மேலே வர நினைக்கும் அதிகாரி கைக்காசில்தான் வாங்க வேண்டும். அவர் மனைவி லெட்டிஸ் கொண்டுவந்த சொத்தில் பாதி, சாம்பல் நிறப் பெயின்ட்டாகிக் கப்பல் சுவரில் ஏறியது.

1911இல் 'கலிடன்' கப்பலில் கேப்டனுக்கு அடுத்த கமாண்டர் பதவி அவருக்கு. அந்தக் கோடையில் அட்மிரல் பார்வையிட வருவதாக இருந்தார். கேப்டன் பதவிக்கு அவர் பெயர் போகுமா என்பது அந்த ஒரு நாளைப் பொறுத்தது. ராக்ஸல் யோசித்து, கொதிகலன் அறைக்குப் பக்கத்திலிருந்த நீர்புகாக் கதவைக் கீலிலிருந்து கழற்றச் சொன்னார். நான்கு பேர் பத்து நாள் அரத்தால் ராவினார்கள். பிறகு செங்கல் பொடி போட்டுத் தேய்த்தார்கள். இரும்பு வெள்ளியானது.

"கதவா இது? நம்ம கமாண்டரோட சவரக் கண்ணாடி," என்று தேய்த்தவர்கள் முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. அவருக்குச் சந்தோஷம்தான்.

கப்பலின் தச்சு அதிகாரி ஜோப் பாஸ்கோ, சால்டாஷ் ஊர்க்காரர். கதவை மாட்டிய அன்று விளிம்பு முழுக்கச் சாக்கட்டி தடவி, இறுகச் சாத்தித் திறந்தார். எதிரே இருக்கும் ரப்பர்ப் பட்டையில் வெள்ளைக் கோடு அறுபடாமல் பதிய வேண்டும். மூன்று இடத்தில் அறுந்திருந்தது.

"விளிம்பு தேஞ்சு போச்சு சார். தண்ணி வந்தா நிக்காது. புதுக் கதவு கேட்டு எழுதுங்க."

"புதுக் கதவு வர ரெண்டு மாசம் ஆகும் மிஸ்டர் பாஸ்கோ. இப்ப எழுதினா ஏன்னு கேப்பாங்க. அட்மிரல் வந்துட்டுப் போகட்டும்."

"போனதும் எழுதுவீங்கல்ல?"

"எழுதுறேன்."

அட்மிரல் வந்தார். அந்தக் கதவின் முன் நின்று, அதில் பார்த்தபடியே தாடியைச் சரிசெய்துகொண்டார். நவம்பரில் ராக்ஸல் கேப்டனாகி வேறு கப்பலுக்குப் போனார். பொறுப்பை ஒப்படைக்கும் தாளில் கொடித்துணி எத்தனை என்பதுவரை எழுதினார். கதவைப் பற்றி எழுதவில்லை.

1914இல் தொடங்கிய போரின் முதல் குளிர்காலத்தில் 'கலிடன்' கண்ணிவெடியில் மோதியது. கப்பல் முழுகவில்லை. ஆனால் அந்தக் கதவு கசிந்து, அதை நம்பி அடுத்த அறையில் கொதிகலன் நெருப்பை அணையாமல் பார்த்துக்கொண்டிருந்த ஏழு பேர் செத்தார்கள்.

விசாரிக்க மூன்று கேப்டன்கள் உட்கார்ந்தார்கள். "நீங்க அந்தக் கப்பல்ல இருந்தவர். கதவெல்லாம் உங்களுக்குத் தெரியுமே," என்று தலைவர்தான் ராக்ஸலைச் சேர்த்துக்கொண்டார்.

பாஸ்கோ சாட்சி சொல்ல வந்தார்.

"கதவுகளுக்கு யார் பொறுப்பு?"

"நான்தான் சார்."

"அது கசியும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

கேட்டதற்கு மட்டும்தான் சாட்சி பதில் சொல்ல வேண்டும். 'யாரிடம் சொன்னாய்?' என்ற கேள்வி ஒன்றுதான் பாக்கி. பாஸ்கோ அதற்காக ராக்ஸலின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ராக்ஸல் பென்சிலைச் சீவினார். சாட்சி வெளியே அனுப்பப்பட்டார். மூத்தவர் வாயைப் பார்த்துப் பேசக் கூடாதென்று, இளையவரை முதலில் பேச வைப்பது கடற்படை வழக்கம். மூவரில் இளையவர் ராக்ஸல்.

"தச்சு அதிகாரியின் கவனக்குறைவு," என்றார்.

பாஸ்கோவை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

போர் முடிந்து ஓய்வுபெற்ற பிறகு ராக்ஸல் நடந்ததையெல்லாம் கடற்படைத் தலைமைக்கு எழுதினார். இரண்டு மாதம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது: விவகாரம் முடிந்துவிட்டது, மீண்டும் திறக்க விருப்பமில்லை. தன் கடிதத்தின் நகலையும் அந்தப் பதிலையும் எடுத்துக்கொண்டு, படகேறி ஆற்றைக் கடந்து சால்டாஷ் போனார்.

பாஸ்கோ படகுத்துறையில் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து, இறைச்சி அடைத்த பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ராக்ஸல் நீட்டிய இரண்டையும் வாங்கிப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதை எதுக்கு என்கிட்ட கொண்டு வந்தீங்க? எனக்குத்தான் தெரியுமே."

"உங்க பேரைக் கெடுத்தவன் நான்."

"என் பேரு கிடக்கட்டும். இங்க படகு ஒழுகாம இருந்தா போதும், எவனும் பேரு கேக்கறதில்ல." ஒரு வாய் கடித்து மென்றார். "செத்த ஏழு பேர்ல நாலு பேரு ஸ்டோன்ஹவுஸ்காரங்க. உங்க தெருவிலேர்ந்து கால் மணி நேர நடை. பாஸ்கோ சரியாப் பாக்கலைன்னுதான் அவங்ககிட்ட இன்னிக்கும் சொல்லி வச்சிருக்கு. அவங்க யாரும் இந்தக் காகிதத்தைப் பாக்கலையே."

"அவங்க என்ன சொல்லுவாங்கன்னு..."

"எனக்கென்ன தெரியும்? மூஞ்சியில அறைஞ்சாலும் அறைவாங்க. படகு புறப்படப் போகுது, போங்க சார்."

ஸ்டோன்ஹவுஸில் மீன்கடைக்கு மேலே, செத்த நால்வரில் ஒருவரின் மனைவி திருமதி ஹன்னாஃபோர்டின் வீடு. ராக்ஸல் படியேறித் தட்டினார். ஈரக் கையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"யாரு வேணும்?"

எங்கே போனாலும் பதவியை முதலில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

"'கலிடன்' கப்பல்ல அந்தக் கதவைத் தேய்க்கச் சொன்னவன்மா," என்றார்.