நாற்பத்து மூன்று பேரைக் கடித்த நாய்

என் தங்கை புருஷன் உளவியல் வாத்தியார். இதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மனித மனத்தைப் பற்றி வாய் கிழியப் பாடம் நடத்துகிற அந்த ஆளுக்கு, நான்கு நாளாக முகம் கொடுத்துப் பேசாத என் தங்கையின் கோபம் புரியவில்லை. "தொண்டை வலியா? வெந்நீர் குடி" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குக் கிளம்பினான். நேரில் பார்த்தால் 'நீங்க', 'வாங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் அவன் எப்போதும் 'அவன்'தான்.

அவன் உளவியலுக்கு வந்த கதையும் எனக்குத் தெரியும். கல்லூரியில் சேரப் போன அன்று மற்ற பாடங்களிலெல்லாம் இடம் நிரம்பிவிட்டது. காலியாகக் கிடந்தது உளவியல் ஒன்றுதான். அதைத்தான் இப்போது, "மனித மனம் என்னைக் கூப்பிட்டுச்சு அண்ணி" என்று கூசாமல் சொல்கிறான். நினைவாற்றல் பாடம் நடத்தி முடித்த அன்று, பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து காபி கேட்டவன். பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று ஒரு பாடம் இருக்கிறதாம். அதை நடத்திய ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளையையாவது ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டிருப்பானா என்று எனக்குச் சந்தேகம்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள், கால் ஆடுகிற பெஞ்சுகள், ஓடினால் கடகடவென்று சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. இவைதான் அவன் ராஜ்ஜியம். பள்ளி இறுதித் தேர்வுக்கு உளவியல் எடுத்த பிள்ளைகளெல்லாம் அங்கேதான் போவார்கள். அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இம்பார்ட்டன்ட்'. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும், "இம்பார்ட்டன்ட், அடிக்கோடு போடு" என்பான். பிள்ளைகளின் புத்தகம் முன்னுரையிலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பாகக் கிடக்கும். எல்லாமே முக்கியம் என்றால் கோடு எதற்கு, மனுஷா?

நான் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். தையல் பிசகினால் தூக்கி எறிவது என் வேலை. அப்படிப்பட்டவள் என் மகளைக் கொண்டுபோய் இவனிடம் விட்டேன் என்றால், அதற்கு ஒரே காரணம்தான். அவனிடம் படித்த பிள்ளை ஒன்றுகூட இதுவரை ஃபெயில் ஆனதில்லை. நாங்கள் கீழ் வீடு, தங்கை குடும்பம் மாடி. படி ஏறினால் வாத்தியார். என் மகள் நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். கல்லூரியில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள், குறித்த வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பெண் சான்றிதழ் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அவன் கற்றுக்கொடுக்கிற முறையைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். பத்து வருஷ வினாத்தாள்களை ஒரு பெரிய சார்ட்டில் ஏற்றி, எந்தக் கேள்வி எத்தனை முறை வந்தது என்று கலர் கலராகப் புள்ளி வைத்திருப்பான். ஒவ்வொன்றுக்கும் விடை அவன் சொல்வான், பிள்ளைகள் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டும். கமா, முற்றுப்புள்ளி உட்பட.

அதில் ஆக்கநிலையிறுத்தம் என்று ஒன்று. சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும், விஷயம் என்னவோ சின்னது. மணி அடித்து மணி அடித்துச் சோறு போட்டுப் பழக்கினால், பிறகு வெறும் மணி அடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறும். அவ்வளவுதான். 'உன் சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் தருக' என்று கேள்வி வரும். அந்தச் சொந்த வாழ்க்கையையும் இவனே சொல்லி எழுதவைத்தான்! 'எனக்கு நான்கு வயதானபோது பக்கத்து வீட்டுக் கருப்பு நாய் என் இடது முழங்காலில் கடித்தது. அன்று முதல் கருப்புக் குடையைக் கண்டாலும் எனக்கு நடுக்கம்.'

என் மகள் கேட்டாள். "சித்தப்பா, என்னை நாயே கடிச்சதில்லை. நான் வேற ஏதாவது எழுதட்டுமா?"

"சொந்தமா யோசிச்சா மார்க் போயிடும்மா. நாய் சேஃப்."

அவள் என்னைப் பார்த்தாள். நானும், "அவர் சொல்றதை எழுதுடி. உன் மூளையைக் காட்டுற இடமா அது?" என்றேன்.

தேர்வு முடிந்தது, முடிவும் வந்தது. என் மகள் எண்ணுக்கு எதிரே மதிப்பெண் இல்லை. 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று போட்டிருந்தது. இம்பார்ட்டன்ட்டிடம் படித்த நாற்பத்து மூன்று பேருக்கும் அதே கதி. விடைத்தாள் கட்டு மொத்தமும் இந்தத் தடவை ஒரே ஆசிரியை கைக்குப் போயிருக்கிறது. ஒரே நாய், நாற்பத்து மூன்று பேரையும், நான்கு வயதில், இடது முழங்காலிலேயே கடித்திருக்கிறது. அந்த அம்மாள் சும்மா விடுவாரா? தேர்வு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொருவரும் பெற்றோருடன் வந்து விசாரணையில் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் அந்தப் பாடம் ரத்து, அடுத்த வருஷம்தான் மறுபடி எழுத முடியும். விசாரணை வியாழக்கிழமை. மறுநாள் நர்சிங் கல்லூரியின் கடைசி நாள்.

அன்று மாடிப்படி ஏறிப் போய் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. தங்கை குறுக்கே வந்து, "அக்கா, போதும் விடுக்கா" என்று அழுதாள். அவன் பேய் முழி முழித்துக்கொண்டு நின்றான்.

அந்த மரமண்டை அதற்குப் பிறகாவது திருந்தியதா? விசாரணை நாளன்று அலுவலகத் தாழ்வாரத்தில் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு நின்றான். உள்ளே நாற்பத்து மூன்று சீட்டுகள். சீட்டுக்கு ஒரு சொந்த அனுபவம் எழுதி மடித்துவைத்திருந்தான்!

"ஆளுக்கு ஒண்ணு எடுங்க. இந்தத் தடவை ஒண்ணுபோல ஒண்ணு வராது" என்றான் பெருமையாக.

ஒரு பையனுக்கு இடி வந்தது. ஒரு பெண்ணுக்குப் பூனை. என் மகளுக்குப் பல் டாக்டர். அவளுக்குச் சொத்தைப் பல் ஒன்றுகூடக் கிடையாது. "அட ஆண்டவனே, இது என்ன குலுக்கலா?" என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர, "எதுக்கும் படிச்சு வச்சுக்கடி" என்று அவளிடம் மெல்லச் சொன்னதும் நான்தான்.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, ஒரு பெண்மணி, நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. என் மகளை உட்காரச் சொன்னார். நான் அவள் பின்னால் நின்றேன்.

"நாய் வேண்டாம்மா. நாய்க் கதை கேட்டுக் கேட்டு எனக்கே கடிபட்ட மாதிரி இருக்கு. உன் வாழ்க்கையில நிஜமா நடந்தது ஒண்ணு சொல்லு."

என் மகள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அதை மேசையில் வைத்தாள். அதன் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். வாயைத் திறடி, உன் படிப்புடி என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா ஸ்கூட்டர் சத்தம் மேடம்" என்றாள். "அம்மா வேலை விட்டு வந்ததும் ஏதாவது சொல்லித் திட்டுவாங்க. தினமும். பாத்திரம், புத்தகம், என் தலைமுடி, எதுவா இருந்தாலும் குறை இருக்கும். சின்ன வயசுல திட்டினா மட்டும்தான் கை நடுங்கும். அப்புறம் வண்டி வாசல்ல வந்து நின்னாலே நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. சிரிச்சுக்கிட்டிருந்தாலும் வாய் தானா மூடிக்கும். இப்ப தெருவுல யார் ஸ்கூட்டர் நின்னாலும் அப்படித்தான்."

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"கடைசியா சொன்னியே, அதுக்குப் பாடத்துல என்ன பேரு?"

"பொதுமைப்படுத்தல் மேடம்."

"சரி. இது சொந்த உதாரணம்தான்." கையெழுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க அம்மாவா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். மேசையில் கிடந்த பல் டாக்டர் சீட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சான்றிதழ் அன்று மாலையே கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை அவளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு அப்படியே வேலைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பும்போது தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் ஏதோ உளறிக்கொண்டிருந்தான், சீட்டில் பூனை வந்த பெண் உள்ளே போய் இடியைச் சொல்லிவிட்டாளாம். என் மகள் மூச்சு வாங்க வாங்க, "ஐயோ சித்தப்பா, போதும்" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

கதவில் கை வைக்க எனக்குப் பயமாக இருந்தது. வாசலிலேயே நின்றேன்.