ஆவணிக்குக் காத்திருந்த மீன்தொட்டி

என் பெண் வீட்டு ஹாலில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. மாசத்துக்கு ஒரு தடவை அதை சர்வீஸ் செய்ய ஆள் வருவார். ஏசிக்கு சர்வீஸ் உண்டு, வாஷிங் மெஷினுக்கு உண்டு, மீனுக்கும் உண்டு என்பதை எண்பதைத் தாண்டித்தான் தெரிந்துகொண்டேன். போன வாரம் வந்தவர் மோட்டாரை நிறுத்திவிட்டு ஃபில்டருக்குள் இருந்த பஞ்சை உருவி வாளியில் பிழிந்தார். கரிக்குருணையையும் கொட்டி அலசினார். பழுப்பாகத் தண்ணீர் இறங்கியது. ஈரக்கரியும் பாசியும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். "என்னம்மா, நாத்தம் தாங்கலையா?" என்று பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். என் அண்ணனின் கை அப்படித்தான் மணக்கும் என்று அவளிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

அண்ணன் பெயர் ரங்கராஜு. ஸ்ரீரங்கத்தில் "ரங்கா" என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டு ரங்கன் திரும்புவதற்கு மட்டும் கொஞ்சம் நேரமாகும். சின்ன வயசில் மூட்டுக்காய்ச்சல் வந்து, அது அவன் நெஞ்சைத் தொட்டுவிட்டது. வால்வு கெட்டிருக்கிறது, மாடி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எஸ்எஸ்எல்சி பாஸ் செய்திருந்தான். எந்த வேலைக்குப் போனாலும் கடைசியில் ஒரு டாக்டர் அவன் மார்பில் குழாயை வைப்பார். அத்தோடு அந்த வேலை போய்விடும்.

அப்பா பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டே கிடையாது. சாப்பிட உட்காரும்போது அண்ணன் இலையைப் பார்த்து, "ஆபீஸ் போறவங்கள்லாம் முதல்ல சாப்பிடுங்கப்பா, நமக்கென்ன அவசரம்" என்பார். ஆபீஸ் போகிறவள் நான்தான். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். தங்கை வேலைக்குப் போக, அண்ணன் வீட்டில் இருந்தான். இதைத் தெருக்காரர்கள் எத்தனை விதமாக விசாரிக்க முடியுமோ அத்தனை விதமாகவும் விசாரித்தார்கள்.

அடுத்த வீட்டில் ஒரு ரயில்வே கார்டு இருந்தார். மெட்ராஸிலிருந்து திரும்பும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலில் தங்கமீன் குஞ்சுகள் கொஞ்சம் கொண்டுவந்து, "பொழுது போகும், வச்சுக்கடா" என்று அண்ணனிடம் கொடுத்தார். பொழுது போவதற்காக வந்ததுதான். ஆனால் அண்ணன் எதையும் பொழுதுபோக்காகச் செய்யத் தெரியாதவன். லைப்ரரியில் மீன் வளர்ப்புப் பற்றி இருந்த ஒரே இங்கிலீஷ் புத்தகத்தை நான் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக் கொண்டுவந்தேன். தென்னூரில் ஒரு பட்டறையில் இரும்புச் சட்டம் அடிக்கச் சொல்லி, கண்ணாடி வெட்டி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு குதிரை வண்டியில் காவேரிப் பாலம் தாண்டி வந்தவளும் நான்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "உடைஞ்சிருச்சாம்மா?" என்று ஆவலாகக் கேட்டார்.

தொட்டி வந்துவிட்டது. தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்க வழி வேண்டுமே. மோட்டார் என்று ஒன்று உண்டு என்பது புத்தகத்தில் படமாக மட்டும் தெரியும். அப்போதெல்லாம் குடிதண்ணீர் வடிகட்ட வீடுகளில் மூணு பானை அடுக்கிய ஒரு மரச் சட்டம் இருக்கும். மேல் பானையில் மணல், நடுப்பானையில் கரி, கீழே கூழாங்கல், ஒவ்வொன்றின் அடியிலும் துணித்திரி செருகிய ஓட்டை. அம்மா சமையலறையில் வைத்திருந்த அந்தச் சட்டத்தை அண்ணன் என்னைத் தூக்கவைத்து மீன்தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டான். தொட்டியின் அடித்தண்ணீரை ரப்பர் குழாயால் இறக்கி, மேல் பானையில் ஊற்றினால், மூன்றும் தாண்டி சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்பிவிடும். விழுகிற சொட்டில் மீனுக்குக் காற்றும் கிடைக்கும் என்பான். குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீரை இறக்குவது என் வேலை, அவனுக்கு மூச்சு போதாது. கொஞ்சம் அசந்தால் ஒரு மிடறு உள்ளே போய்விடும். இந்த வயசிலும் நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு அந்த மீன்தண்ணீர்தான் காரணமோ என்னவோ.

சட்டம் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். "ஊர்ல மழையக் காணோம், என் வீட்டுல மட்டும் ஒழுகுது" என்று அப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போவார்.

தண்ணீர் விஷயத்தில் அண்ணன் ஒரு கெடுபிடி வைத்திருந்தான். குழாய்த் தண்ணீரில் மருந்து வாசனை அடிக்கும். அதைப் பிடித்து ஒரு நாளாவது திறந்து வைத்து, வாசனை போனபிறகுதான் ஊற்றவேண்டும். வைப்பதும் மண்பானையில்தான். செம்பும் பித்தளையும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது, செம்பில் நின்ற தண்ணீர் மீனுக்கு விஷம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. கரியை அடிக்கடி அலசவேண்டும், மணலை மட்டும் ரொம்பக் கழுவக்கூடாது. இதையெல்லாம் வீட்டில் எல்லாருக்கும் சொல்வான். நான் பாதியைக் காதில் வாங்குவேன். அம்மாவும் பாதியைத்தான் வாங்கினாள், அந்தப் பாதி வேறு பாதி.

ஒரு வருஷத்தில் தொட்டி அப்படி ஒரு தெளிவுக்கு வந்தது. பின்னாலிருக்கும் சுவரில் சுண்ணாம்பு உரிந்திருப்பதுகூடத் தெரியும். மீன்கள் உள்ளங்கை நீளம் வளர்ந்து, வாலை விரித்துக்கொண்டு திரும்பும். தெருவில் பிள்ளைகளைச் சாப்பிடவைக்க எங்கள் வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். சாதம் ஊட்டிவிட்டுப் போகும்போது அண்ணனைப் பார்த்து, "நீங்க வச்ச தொட்டியாங்க?" என்று கேட்பார்கள். அவனைப் பார்த்து மரியாதையாக யாராவது ஏதாவது கேட்டது அதற்கு முன்னால் எனக்கு ஞாபகமில்லை.

இந்தப் பேச்சு ஆற்றைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் நகைக்கடைச் செட்டியார் ஒருவர் வந்தார். டவுனில் புதுசாகக் கடை கட்டிக்கொண்டிருந்தார். தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், கொடுத்த காபி ஆறும்வரை மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "தொட்டி மட்டும் இருந்து எனக்கு என்ன ஆகப்போவுது? தம்பியும் வரணும். கல்லாப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுத் தரேன். மீனையும் பாத்துக்கட்டும், வர்றவங்களுக்குச் சீட்டும் எழுதட்டும். மாடி கீடி ஒண்ணும் கிடையாது. காலையில எங்க வண்டியே கூட்டிட்டுப் போகும்."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "வரேங்க" என்றான்.

அப்போது ஆனி முடிந்து ஆடி பிறந்திருந்தது. ஆடியில் யார் வேலையில் சேருவார்கள், யார் கடை திறப்பார்கள்? "ஆடி கழியட்டும். ஆவணி பொறந்ததும் வண்டி அனுப்புறேன்" என்று செட்டியார் கிளம்பினார். யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கும் அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. ஆனியிலேயே அவர் வந்திருந்தால் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

அந்த ஆடி மாசம் எங்கள் வீடு கொஞ்சம் நல்ல வீடாக இருந்தது. அப்பா அண்ணனுக்கு இரண்டு சட்டைத்துணி எடுத்துவந்தார். அவன் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா கோவிலில் ஒரு சன்னதி பாக்கி வைக்கவில்லை.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. அம்மா மண்டபம் படித்துறையில் காவேரி செக்கச்செவேலென்று போய்க்கொண்டிருந்தது. அம்மா மஞ்சளும் பூவும் போட்டுக் கும்பிட்டு, புதுத்தண்ணீரைப் புளிபோட்டு விளக்கிய செப்புக்குடத்தில் மொண்டு வந்து பூஜை அலமாரிக்குக் கீழே வைத்தாள். வருஷா வருஷம் செய்வதுதான். வீட்டில் நாலு மூலையிலும் தெளிப்பாள், கிணற்றில் கொஞ்சம் ஊற்றுவாள். அந்த வருஷம் அவள் மனசில் வேறு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. பிள்ளைக்குப் பிழைப்புக் கொடுக்கப்போகிற தொட்டியில் காவேரி சேர்ந்தால் நல்லதுதானே. அவன்தான் சொல்லியிருக்கிறானே, புதுத்தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, வைத்திருந்து ஊற்றவேண்டும் என்று. அம்மா வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு நாளாகவே வைத்திருந்தாள். வண்டல் கீழே படிந்து மேலே தெளிந்தபிறகு, நான் ஆபீஸிலும் அண்ணன் தூக்கத்திலும் இருந்த மத்தியானத்தில், ஒரு துளி வீணாக்காமல் குடத்தை மேல் பானையில் கவிழ்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அண்ணன் கரியை மாற்றினான். மண்பானைத் தண்ணீர் இருந்ததையெல்லாம் ஊற்றச் சொன்னான், ஊற்றினேன். எதுவும் பலிக்கவில்லை. மறுநாள் ஒன்று சாய்ந்தது. அதற்கடுத்த நாள் காலையில் எல்லாம் மிதந்தன.

நான் எழுந்து வந்தபோது அண்ணன் மேல் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணலுக்கு மேலே செம்மண் ஏடு படிந்திருந்தது. அதில் மஞ்சள் திட்டும், வாடிய பூவிதழ் ஒன்றும் இருந்தன. அவன் தலையைத் திருப்பிப் பூஜை அலமாரியைப் பார்த்தான். காலிக் குடம் கவிழ்த்து வைத்திருந்தது. பிறகு அந்த மண்ணைக் கரண்டியால் வழித்து, நியூஸ்பேப்பரில் வைத்து மடித்தான்.

"கொல்லையில கொட்டிட்டு வா. அம்மாகிட்ட மூச்சு விடாதே."

"நீ பாட்டுக்கு சும்மா இருப்பியா? அந்த வேலை போயிடுமேண்ணா."

"போனது போயிடுச்சு. அவங்க இதைத் தெரிஞ்சுகிட்டு இன்னும் எத்தனை வருஷம் இருக்கணும், யோசிச்சுப் பாரு."

எனக்கு அவன்மேல்தான் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனேன்.

அம்மா வந்து பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "நான் காவேரித் தண்ணி கொஞ்சம் ஊத்தினேன் ரங்கா. அதனால ஏதும்..." என்று ஆரம்பித்தாள். அண்ணன் அவளை முடிக்கவிடவில்லை. "அதனாலதாம்மா ரெண்டு நாளாவது தாங்குச்சு. கரியை அலசாம விட்டுட்டேன். வேலை கிடைச்ச மிதப்பு. தப்பு என்மேலதான்" என்றான். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான் தெரியுமா? விஷயம் தெரிந்த நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர், "மீனக்கூட வச்சுக் காப்பாத்தத் தெரியல" என்றார். அதற்கப்புறம் அவனிடம் அவர் பேசியதே குறைவு.

வேறு மீன் வாங்கி விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தண்ணீர் பழக வாரக்கணக்காகும், அதற்குள் ஆவணி வந்துவிடும் என்றான். வந்தது. செட்டியாரின் ஆள் வண்டியோடு வந்து, காலித் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார். மீன் செத்த தொட்டியை நகைக்கடையில் யார் வைப்பார்கள்? செட்டியாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்லாப் பக்கத்தில் ஆளுயரக் கடிகாரம் ஒன்று வைத்தார் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தெருவில் நான் போவதில்லை.

அண்ணன் அந்த இரண்டு சட்டைத்துணியைத் தைக்கக் கொடுக்கவில்லை. மூணு பானைச் சட்டத்தைத் திரும்பவும் சமையலறையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னான். கார்த்திகையில் கால் வீங்க ஆரம்பித்தது. மார்கழியில், நான் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டான். வால்வு என்றார் டாக்டர். இருக்கலாம். எனக்கு அந்த டாக்டரை அன்றும் பிடிக்கவில்லை.

தொட்டியின் கண்ணாடி ஒவ்வொன்றாக உடைந்தபிறகு, இரும்புச் சட்டத்தில் அம்மா செடி வைத்துக்கொண்டாள். அப்பா போனார். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பதினெட்டாம் பெருக்குக்குத் தண்ணீர் வராத வருஷங்களில் படித்துறையில் குழாய் போட்டுத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள்.

அம்மா மட்டும் ரொம்ப வருஷம் இருந்தாள், அவன் சொன்ன மாதிரியே. ஒவ்வொரு ஆடிக்கும் சொல்வாள். "காவேரி காப்பாத்தத்தான் பாத்தா. இவன் அந்தக் கரியக் கொஞ்சம் அலசிப் போட்டிருந்தா, இன்னைக்குச் செட்டியார் கடையில உக்காந்திருப்பான். பொறுப்பே கிடையாது அந்தப் பிள்ளைக்கு." எனக்குத் தொண்டை வரைக்கும் வரும். "ஆமாம்மா, மறந்துட்டான்" என்பேன். அவளுக்கு அது சமாதானமாக இருக்கும். அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிடுவாள்.

அவளும் போய்விட்டாள். இப்போது அவன் செய்யாத தப்புக்கு அவனைத் திட்டக்கூட உலகத்தில் ஒருவரும் இல்லை.