அந்தப் பக்கம் இறங்க வேண்டும்

ஜனவரி இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கடைக்குள் வந்தாள். பனிச்சறுக்குப் பள்ளியின் முற்றத்தை ஒட்டி, ஸ்கீயும் பூட்ஸும் வாடகைக்கு விடும் கடை. பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு நான் சேர்ந்த வேலை. குனிந்து பிறர் காலைப் பார்ப்பதுதான் தொழில். முகம் பார்த்துப் பேச வேண்டியது குறைவு என்பதால் எனக்கு ஒத்துப்போயிற்று.

"வணக்கம். எனக்குக் காலணிகள் தேவைப்படுகின்றன. அளவு முப்பத்தொன்பது. நான் இதற்கு முன்பு சறுக்கியதில்லை," என்றாள்.

நகரத்துப் பேச்சு. வியன்னாவிலிருந்து வருவதாகச் சொன்னாள். கையைப் பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் பல வருடம் ஊறிய கை. பூட்ஸை மாட்டி, கொக்கியை இறுக்கினேன்.

"ஓஹா! எலும்பு நொறுங்குது!"

ஓஹா என்பது எங்கள் டிரோல் மலைகளில் மாட்டை நிறுத்தச் சொல்லும் சொல். கால் வழுக்கினாலும் விரல் சுட்டாலும் எங்கள் வாயில் அதுதான் முதலில் வரும். வியன்னாக்காரிக்கு வராது. அவள் முகம் சிவந்துவிட்டது. நான் கொக்கியைத் தளர்த்தினேனே தவிர எதுவும் கேட்கவில்லை. கேட்காததால்தான் சொன்னாளோ என்னவோ.

பெயர் சென்ஸி. வயது ஐம்பத்தெட்டு. ஊர், எங்கள் மலை முகட்டுக்கு அந்தப் பக்கம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. எங்க ஊர்ல குழந்தை பொறக்கும்போதே கால்ல ஸ்கீயோடதான் பொறக்கும்னு சொல்லுவாங்க. எனக்கு நிக்கவே தெரியாதுன்னா ஊரே சிரிக்கும்."

அவள் பிறந்த வீட்டில் ஏழு பிள்ளைகள், இரண்டு ஜோடி ஸ்கீ. இரண்டும் ஆண் பிள்ளைகளுக்குப் போயின. குளிர்காலம் விருந்தினர் வரும் காலம். பெண்களுக்குப் படுக்கை விரிப்பும் பாத்திரமும்தான். வாழ்க்கைப்பட்ட இடமும் ஒரு விடுதி. பதினான்கு கட்டில். முகட்டில் தொடங்கும் சரிவு, காட்டை ஒட்டி வளைந்து, அவள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வந்து முடிகிறது. சமையலறை ஜன்னலில் அது முழுதும் தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டே, அதில் இறங்குகிறவர்களை நாற்பது குளிர்காலம் பார்த்திருக்கிறாள். இந்த வருடம் மருமகள் விடுதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். முதல்முறையாகச் சென்ஸிக்கு வேலையில்லாத ஜனவரி. முதுகுவலிக்கு வெந்நீர் ஊற்றுக் குளியல் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

"ஒரே ஒரு தடவை. மேலேருந்து எறங்கி, என் வீட்டுக் கொல்லையில வந்து நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"உங்க ஊர்லயே பள்ளி இருக்கே?"

"அங்க வாத்தியாரா இருக்கறவன் எல்லாம் என் அடுப்படியில சூப்பு குடிச்சு வளந்த பசங்க. அவன் என்னைப் பாத்து 'முட்டியை மடக்கு'ம்பானா? 'அத்தை, நீங்க உக்காருங்க, குளிருது'ம்பான்."

எப்படிப்பட்ட ஆசிரியர் வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. "நல்லா சறுக்கறவன் எல்லாம் நல்லா சொல்லித்தர மாட்டான். ஜன்னல்லேருந்து பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். திரும்பித் திரும்பிப் பாக்கறவனா இருக்கணும். கடைசி ஆளு விழுந்து எழுந்து நின்னப்புறம்தான் அவன் நகரணும். இங்க அப்படி யாரு?"

"வெண்டெலின்," என்றேன். "எட்டுப் பேருக்கு மேல சேத்துக்க மாட்டாரு. நாளைக்குக் காலையில அவரு கொடிக்குப் பக்கத்துல போய் நில்லுங்க."

திங்கட்கிழமை காலை முற்றத்தில், ஆசிரியருக்கு ஒரு கொடி நட்டு, குழு பிரித்தார்கள். கடை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்டெலினின் கொடிக்கு அருகே முதல் ஆளாக நின்றவள் சென்ஸிதான். ஒரு தம்பதி வந்தார்கள். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். இன்னொருவர் வந்தார். கையைக் காட்டி, முன்னே போகச் சொன்னாள். எட்டு இடமும் நிரம்பிவிட்டது. சென்ஸி உட்பட மீதிப் பேரெல்லாம் இன்னொரு ஆசிரியர் ராஃபியின் குழுவுக்குப் போனார்கள். பதின்மூன்று பேர். ராஃபி அழகாகச் சறுக்குவான். அவன் இறங்குவதைப் படம் எடுக்கவே கூட்டம் கூடும்.

சாயங்காலம் பூட்ஸைக் கழற்ற அவளால் குனிய முடியவில்லை. நான் கழற்றினேன்.

"எத்தனை தடவை திரும்பிப் பாத்தான் தெரியுமா? ரெண்டே தடவை. அதுல ஒண்ணு, நீலத் தொப்பி போட்ட பொண்ணைப் பாக்க."

"காலையில ஏன் ஒதுங்கி ஒதுங்கி நின்னீங்க?"

"ஒதுங்கினேனா?" யோசித்தாள். "விருந்தாளிக்கு முன்னால நான் எப்படிம்மா போவேன்?"

"இங்க நீங்கதானே விருந்தாளி."

அதைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. தங்கியிருக்கும் அறையில் கூட, வேலைக்காரப் பெண் வருவதற்கு முன்பே தன் படுக்கையைத் தானே விரித்துவிடுவதாகச் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் குழு மாத்திக்கலாம். ஆனா வாயைத் திறந்து கேக்கணும்," என்றேன். எனக்கே வராத காரியத்தை அவளுக்குச் சொன்னேன்.

மறுநாள் பூட்ஸை மாட்டியதும் நேரே வெண்டெலினிடம் நடந்தாள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"மன்னிக்கவும். தங்கள் குழுவில் எனக்கு இடம் தர இயலுமா?"

வெண்டெலின் தாடியைச் சொறிந்தார். "ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறிட்டா நீங்க, தாங்கள் எல்லாம் கிடையாது. எல்லாருக்கும் எல்லாரும் நீதான். உன் பேரு என்ன?"

"சென்ஸி."

"எட்டாவது ஆளுக்குச் சளி. வா, சென்ஸி."

பக்கத்தில் நின்ற ஹாம்பர்க்காரர் ஊவே, "என் பெண்டாட்டி மூக்குக்கு நன்றி சொல்லிக்கோ," என்றார்.

புதன்கிழமை அவளுக்குக் கலப்பை படிந்தது. ஸ்கீயின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகற்றி, மெதுவாக இறங்குவதற்கு எங்களிடம் அதுதான் பெயர்.

"சென்ஸி, உன் கலப்பையில ஒரு ஏக்கர் உழுதுடலாம்!" என்று ஊவே கத்தினார்.

"நீங்க உங்க வயலைப் பாருங்க!" என்றாள். மலை மேல் அவரை நீங்க என்று சொன்னதற்காகக் குழுவே சிரித்ததாம். நாற்பது வருடப் பழக்கம், நாக்கு திரும்பவில்லை.

வியாழக்கிழமை எல்லாரையும் முகட்டுக்கு அழைத்துப் போனார் வெண்டெலின். எங்கள் பக்கம் இறங்குவது எளிது. அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய வளைவில் ஒரு செங்குத்து இருக்கிறது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, சென்ஸி கம்பி வேலியோரம் போய் நின்றாள். கொட்டகை தெரிந்தது. கொல்லையில் மருமகள் விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தாள்.

வெண்டெலின் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் பேச்சிலேயே கேட்டாராம்: "எது உன் வீடு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

"மூணு நாளா ஓஹா ஓஹான்னு விழறியே. வியன்னாவுல ஏது மாடு?"

அவள் ஸ்கீ முனையால் காட்டினாள். "அந்தப் பக்கம் எறங்கலாமா?"

அவர் கீழே பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். "இந்த வருஷம் வேண்டாம். வளைவுல உன் கலப்பை நிக்காது. வீட்டுக்குப் போகணும்னா நாற்காலி லிஃப்ட்ல உக்காந்து எறங்கிடு, நான் சொல்லி விடறேன்."

"உக்காந்து எறங்கவா நாப்பது வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்?"

 அதற்கு மேல் அவள் கெஞ்சவில்லை. திரும்பிப் பார்க்கிற ஆள் வேண்டும் என்று தேடிப் பிடித்தவள் அவள்தானே. அப்படிப்பட்டவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குழுவின் கடைசியில் நின்று எங்கள் பக்கமே இறங்கினாள்.

"கூப்பிட்டா மருமகளுக்குக் கேட்டிருக்கும்," என்று பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள். "விரிப்பை அப்படி ஓரத்தைப் பிடிச்சு உதறக் கூடாது, கிழிஞ்சிடும். கூப்பிடலை."

மலைக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடத்தில் சறுக்கிச் சேரக்கூடிய வீட்டுக்கு, வெள்ளிக்கிழமை பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள்.

அடுத்த ஜனவரியிலும் முதுகுவலி என்று வந்தாள். அந்த வருடம் அந்தப் பக்கச் சரிவில் பனி போதவில்லை, வழியையே மூடிவிட்டார்கள். வெண்டெலின் குழுவில் நான்கு நாள், முகட்டில் அதே வேலியோரம்.

போன வாரம் கடைக்குப் போன் வந்தது. போன் என்றால் நான் எடுப்பதில்லை. முதலாளி இல்லாததால் எடுத்தேன்.

"வெண்டெலின்கிட்ட இடம் இருக்காம்மா?"

"ஏழு பேரு ஆயிட்டாங்க. ஒண்ணு மிச்சம்."

"அது எனக்கு. வேற யாரையும் போட்டுடாத." அந்தப் பக்கத்தில் குழாயில் தண்ணீர் ஓடுவதும் தட்டுகள் உரசுவதும் கேட்டன. பிறகு தண்ணீர் நின்றது. "இங்க பனி நல்லா விழுந்திருக்கு. ஜன்னல்லேருந்துதான் பாத்துக்கிட்டிருக்கேன். அந்த வளைவுல ஒருத்தன் கலப்பை போட்டே எறங்கறான்... மெதுவா... நின்னுட்டான் பாரு. நின்னுட்டாம்மா."