எது முதலில் தீரும்?

சித்ராதேவிக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அவள் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்த எனக்கு நேர்மாறு, கத்தித் தீர்த்தால்தான் சோறு இறங்கும். அதனால்தானோ என்னவோ, அந்தப் பெண் என்றால் எனக்கு அத்தனை மதிப்பு.

விருதுநகர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். அம்மா மூக்கம்மாள் பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை செய்து மகளை எம்.எஸ்சி. வேதியியல் படிக்க வைத்தார். 2004இல் அவள் எங்களிடம் கெமிஸ்டாகச் சேர்ந்தாள். மங்கலம் சாலையில் சின்ன இடம். சாலிசிலிக் அமிலத்தையும் அசிட்டிக் அன்ஹைட்ரைடையும் ரியாக்டர் கலனில் சேர்த்து, மாத்திரைக்கான ஆஸ்பிரின் தூள் செய்து விற்றோம்.

முதலாளி ரத்தினசாமி அதற்குமுன் சாயப்பட்டறை நடத்தியவர். துணியில் நிறம் குறைந்தால் இன்னும் கொஞ்சம் சாயம் ஊற்று என்பதுதான் அவர் வேதம். சித்ராதேவி லீவு போட்ட ஒரு நாளில் அதை இங்கும் காட்டினார். சாலிசிலிக் அமிலம் வழக்கம்போல் அறுபத்தொன்பது கிலோ, அன்ஹைட்ரைடு மட்டும் இரண்டு மடங்கு. ஆஸ்பிரினும் இரண்டு மடங்கு வரும் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். வந்தது வழக்கமான எண்பது கிலோதான்.

மிச்சத்தை ரியாக்டர் ஓட்டிய வீரன் திருடிவிட்டான் என்று முடிவு கட்டினார். ஷிப்ட் விடும் நேரத்தில், கேட்டில், எல்லார் முன்னாலும் அவன் சாப்பாட்டுப் பையைத் தலைகீழாகக் கொட்டச் சொன்னார். காலி டிபன் பாக்ஸும் ஒரு துண்டும் விழுந்தன. அப்படியும் வீரனை வேலையை விட்டு நிறுத்தினார். நான் கத்தினேன். யார் கேட்டார்கள்?

மறுநாள் விஷயம் தெரிந்ததும் சித்ராதேவி நேரே முதலாளி அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், ஒரு பனியனுக்குப் பாடி ஒண்ணு, கை ரெண்டு. நூறு பாடிதான் இருக்கு, கை மட்டும் நானூறு வெட்டி வச்சா எத்தன பனியன் வரும்?"

"நூறுதான் கண்ணு. பாடி தீந்துருச்சுன்னா கை சும்மாதான கெடக்கும்?"

"இங்க சாலிசிலிக் அமிலம்தான் சார் பாடி. அறுபத்தொம்பது கிலோவுக்குத் தொண்ணூறு கிலோவத் தாண்டி ஒரு பிடிகூட வராது. கழுவுறப்ப கொஞ்சம் போகும். எண்பது வந்திருக்கு. வீரன் அண்ணே ஒழுங்காத்தான் வேல செஞ்சிருக்காரு."

"அப்பறம் நா ஊத்துன அன்ஹைட்ரைடு எங்க போச்சு?"

"மிஞ்சுனது தண்ணி பட்டதும் அசிட்டிக் ஆசிடா மாறிரும் சார்" என்று, தூளைக் கழுவிய தண்ணீரைக் கையோடு கொண்டுவந்திருந்த பீக்கரில் நீட்டினாள். முகர்ந்ததும் முதலாளி முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அசிட்டிக் ஆசிட் நெடி. சாயப்பட்டறையில் அவர் நாள் தவறாமல் முகர்ந்ததுதான், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"செரி, வீரனை வரச் சொல்லீரு கண்ணு. இங்க ரூமுல வந்து என்னயப் பாக்கட்டும்."

"பையக் கொட்டுனது கேட்ல சார். மன்னிப்பு மட்டும் ரூமுக்குள்ளயா?"

அவள் குரல் அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

அடுத்த நாள் காலை முதலாளி கேட்டில் நின்றார். வீரன் வந்தான். அவரைக் கண்டதும், யாரும் கேட்காமலேயே, பையைத் திறந்து அவர்முன் நீட்டினான்.

முதலாளி அந்தப் பையை இரண்டு கையாலும் வாங்கி மூடினார். "தப்பு எம்மேலதான் வீரா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, பையை அவரே சுமந்துகொண்டு ரியாக்டர் வரைக்கும் நடந்தார்.