முப்பதாம் வீட்டுக் கைநாட்டு

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், தொழிலாளர் குடியிருந்த கூலி லைன் ஒன்றில், 1904ஆம் ஆண்டு ஒரு சங்கம் பிறந்தது. பிறந்த அன்றே அதற்குத் தலைவர் இருந்தார், காரியதரிசி இருந்தார், மூன்று பக்கத்துக்கு விதிகள் இருந்தன. உறுப்பினர்கள்தான் இல்லை.

தலைவர் சம்பங்கி. சுரங்கத்துக்குள் கல் ஏற்றிய டிரக்கைத் தள்ளுகிற இருபத்தாறு வயதுக்காரன். காரியதரிசி மரியகுழந்தை. டைம் ஆபீசில் ஷிப்டுக்கு ஆட்களின் பெயரைக் கூப்பிடுவது அவர் வேலை. நாள் முழுக்க அடுத்தவன் பெயரையே உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், தன் பெயரோடு ஒரு பதவி ஒட்டிக்கொண்டால் தேவலை என்று அவருக்கு ஒரு ஆசை. சம்பங்கிக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. அவனுக்கு வேண்டியது ஒரு தண்ணீர்க் குழாய். சரியாகச் சொல்லப்போனால் குழாய்கூட இல்லை, கங்கம்மா.

அந்த வருஷம் தையில்தான் கல்யாணம். மாசியில் கங்கம்மாவை ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேற்றிக் கூட்டிவந்தான். மூங்கில் தட்டி வீடு. குனிந்து உள்ளே போனால் குனிந்தே வெளியே வர வேண்டும். அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பூமிக்கடியில் வெடி வைக்கும்போதெல்லாம் அடுப்பின் மேல் சட்டி குதித்ததைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் சொன்னாள். லைனுக்கு மாட்டு வண்டியில் தண்ணீர் வரும். சாயங்காலம் வரும் என்று பெயர். சாயங்காலத்தில் எப்போது என்பது மாட்டுக்குத்தான் தெரியும். நாலு மாதம் பானையோடு நின்று பார்த்தாள். ஐந்தாம் மாதம் பானையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“அங்கயும் பானையோட நிக்கறேன், இங்கயும் பானையோட நிக்கறேன். அங்க நின்னா எங்கம்மா பக்கத்துல நிக்கறேன். நான் போறேன்.”

அங்கே நிற்பதென்றால் ஊர்க் கிணற்றுக்குக் கீழே நிற்பது. சேரிப் பெண்கள் அந்தக் கிணற்றின் கல்லைத் தொடக் கூடாது. மேலே நிற்கிறவர் யாருக்காவது மனது வந்து ஒரு குடம் இறைத்து ஊற்றினால் பிடித்துக்கொள்ளலாம். மனது வரும் நேரமும் மாட்டு வண்டி வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

“குழாய் வந்தா வருவியா?” என்று கேட்டான் சம்பங்கி.

“நானே தொறந்து, நானே புடிச்சு, நானே மூடற குழாயா? வரட்டும். வந்தா வர்றேன்.”

பானையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதை நிமிர்த்தி வைத்தால் வீட்டில் ஆள் இருப்பது போல இருந்தது. கவிழ்த்து வைத்தால் இல்லாதது போல இருந்தது. சில நாள் நிமிர்த்தினான், சில நாள் கவிழ்த்தான். தண்ணீர் பிடிக்க மட்டும் வேறு பானை வைத்துக்கொண்டான்.

பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த காலம் அது. லைன்களைப் பார்த்துக்கொள்ளும் துரையிடம் போய் நின்றான். துரை நல்ல மனிதர்தான். குழாய் தரலாம், ஆனால் பித்தளைத் தலையை எவனாவது கழற்றிக்கொண்டு போனால் யாரைக் கேட்பது என்றார். முப்பது வீடும் ஒரு கமிட்டியாகச் சேர்ந்து, குழாய்க்கு நாங்கள் பொறுப்பு என்று வீட்டுக்கொரு கைநாட்டு வைத்துக் கொடுத்தால் உடனே உத்தரவு என்றார்.

சம்பங்கி சிரித்துக்கொண்டே திரும்பினான். முப்பது கட்டை விரல்! லைனில் இல்லாத விரலா?

விரல்கள் இருந்தன. அவை ஒரே நேரத்தில் மண்ணுக்கு மேலே விழித்திருக்கவில்லை, அவ்வளவுதான். பத்து வீட்டு ஆண்கள் ஷிப்டில் இருக்கும்போது பத்து வீட்டு ஆண்கள் தூங்கினார்கள். மிச்சம் பத்துப் பேர் கள்ளுக்கடையில் இருந்தார்கள். ஆகவே ஒரே கூட்டத்தை ஒரு நாளில் மூன்று தடவை கூட்டினான். மூன்று கூட்டத்துக்கும் மரியகுழந்தை மேல்துண்டோடு வந்து உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதினார். “வந்திருந்தவர்: ஒருவர். அவரும் கூட்டத்தைக் கூட்டியவர். ஏகமனதாக ஒத்திவைக்கப்பட்டது.”

வீடு வீடாகப் போய்க் கேட்டால் வேறு பதில் வந்தது. அந்தப் பதிலைச் சொல்வதில் ராஜப்பா கெட்டிக்காரர்.

“இன்னா சம்பங்கி, நான் இன்னா இங்கயே கெடக்கப் போறேனா? வர்ற சித்திரைக்கு ஊருக்குப் போயிடுவேன். போறவன் எதுக்குப்பா குழாய்க்குக் கை வெக்கணும்?”

ராஜப்பா பதினோரு சித்திரையாகப் போய்க்கொண்டிருந்தார். அவரை மட்டும் சொல்வானேன்? அந்த லைனில் குடியிருந்தவர் ஒருவருமில்லை. எல்லாரும் நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்தவர்கள். அப்படி வந்த இடத்தில் பிள்ளை பெற்று, காது குத்தி, பெண்ணும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கைநாட்டு வைத்தால் மட்டும் நிரந்தரமாகிவிடுமோ என்று பயந்தார்கள்.

மூன்று மாதம் இப்படிப் போனது. சங்கத்தில் பதினேழு தீர்மானங்கள் நிறைவேறின. கைநாட்டு ஒன்றுகூட விழவில்லை. சம்பங்கி டிரக்கைத் தள்ளிக்கொண்டே இருட்டில் கணக்குப் போடுவான்: இந்நேரம் அவள் கிணற்றடியில் நிற்பாள், யாராவது ஊற்றியிருப்பார்களா, ஊற்றியிருக்க மாட்டார்களா.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், வழக்கம்போலத் தன் பானையோடு தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றான். முன்னாலும் பின்னாலும் பெண்கள். முன்னால் நின்றவர் ரத்தினம்மா. நாலு பிள்ளை பெற்றவர். லைன் முழுக்க அவர் வாய்க்குப் பயந்தது.

“ஏன் தம்பி, மூணு மாசமா சங்கம் சங்கம்னு தெருத்தெருவா அலையறியே. ஒருத்தன் வந்தானா?”

“வரலக்கா. முப்பது வூடும் ஒண்ணா சேர மாட்டேங்குது.”

ரத்தினம்மா இடுப்பிலிருந்த பானையைக் கீழே வைத்தார். “எண்ணிப் பாருடா.”

“இன்னாத்த?”

“நிக்கற ஆளை எண்ணு.”

எண்ணினான். ரத்தினம்மா, தங்கம்மா, லூயிசா என்று போய்த் தன்னையும் சேர்த்தால் முப்பது. வீட்டுக்கொரு ஆள். நேற்றும் முப்பதுதான். முந்தாநாளும், போன மாதமும், அவன் சங்கம் ஆரம்பித்த அன்றும் முப்பதுதான். அத்தனை நாளும் அவனும் அங்கேதான் நின்றிருந்தான்.

“ஆம்பளைங்க கைதானேக்கா வெக்கணும்...”

“யாரு சொன்னது? தொரை சொன்னாரா?”

யோசித்துப் பார்த்தான். துரை வீட்டுக்கொரு கை என்றார். யாருடைய கை என்று சொல்லவில்லை. மரியகுழந்தையின் மூன்று பக்க விதிகளிலும் அது இல்லை. எழுத வேண்டிய அவசியம் இருப்பதாக அவருக்கே தோன்றவில்லை.

“தண்ணி தூக்கறது நாங்க, கை வெக்கறது அவுங்களா? நல்லா கீதுடா உன் சங்கம்! போய்க் காயிதத்தக் கொண்டா.”

காகிதத்தோடு மரியகுழந்தையும் வந்தார். வண்டி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ரத்தினம்மா வீட்டுச் சோற்றுச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். அதன் அடிக்கரியில் விரலைத் தேய்த்து ஒவ்வொருத்தராக அழுத்தினார்கள். விஷயம் கேள்விப்பட்டு ராஜப்பா மட்டும் தூக்கக் கண்ணோடு ஓடிவந்தார். “ஏய் தங்கம்மா, கை வெக்காதே! சித்திரைக்குப் போறமில்ல?”

தங்கம்மா திரும்பிப் பார்க்காமலே கேட்டார், “போறவரு பின்பக்கம் தென்னங்கன்னு எதுக்கு நட்டீங்க?”

ராஜப்பாவின் கண் வீட்டுப் பின்பக்கம் போயிற்று.

“ஏழு வருஷம் கழிச்சு வந்து எளநி வெட்டிக்கினு போவீங்களா? நீங்க போங்க. கன்னுக்குத் தண்ணி நான் ஊத்திக்கறேன்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. இருபத்தொன்பதாவது கை விழுந்தது. சம்பங்கி தன் விரலில் கரியைத் தேய்த்தான். ரத்தினம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“உன் வூட்டுப் பொம்பள எங்க?”

“நான் வெக்கறேன்கா.”

“நீ வெச்சா அந்த ராஜப்பாவும் வெப்பாரு. பொம்பளைங்க கைதான்னு பேசியாச்சு.”

பேசி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் மரியகுழந்தை அதற்குள் பதினெட்டாவது தீர்மானமாக எழுதிவிட்டிருந்தார். ரத்தினம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “போய் வாங்கியாடா. அதுக்குத்தானே இத்தினியும்? எங்களுக்குத் தெரியாதா?”

ரெண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, பங்காருபேட்டையில் வண்டி மாறி, ஆம்பூரில் இறங்கி நடந்தான். கங்கம்மா குடிசையில்தான் இருந்தாள். மூலையில் அவள் அம்மா முட்டிக்காலைப் பிடித்துக்கொண்டு பாயில் படுத்திருந்தாள்.

“குழாய் வந்துடுச்சா?” என்றாள் கங்கம்மா. வா என்றுகூடச் சொல்லவில்லை.

“நீ கை வெச்சா வரும்.”

“வந்தா வெக்கறேன்.”

“வெச்சாத்தான் வரும், கங்கா.”

காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கரிப் பொட்டுகள். “இது யாருது?”

“ரத்தினம்மாக்காது.”

“இது?”

“தங்கம்மாது. ராஜப்பாண்ணன் வெக்காதேன்னாரு, வெச்சுட்டாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலு மாதம் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். ஒவ்வொரு பொட்டாகக் கேட்டாள். இருபத்தொன்பதும் கேட்டாள். மூலையிலிருந்து அம்மா, “போறியா?” என்றாள். கங்கம்மா எழுந்து போய் அடுப்புச் சட்டியின் அடியில் விரலைத் தேய்த்து வந்து முப்பதாவது இடத்தில் அழுத்தினாள்.

“கை வெச்சுட்டேன். காலு, தண்ணி வந்தப்புறம்.”

கரி கலைந்துவிடும் என்று திரும்பும் வழியெல்லாம் அந்தக் காகிதத்தை அவன் மடிக்கவில்லை. ரயிலில் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியபடியே உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்தவர் ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்துக் கையை நீட்டினார்.

துரை பார்த்தார், பிரதி எடுக்கச் சொன்னார், காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். மாசியில் லைன் முனையில் குழாய் வந்தது. சங்கம் முறை போட்டது: ஒரு நாளைக்கு ஒரு வீடு குழாயடியைக் கழுவ வேண்டும். முப்பதாம் நாள் சம்பங்கியின் முறை. கங்கம்மாவின் பானையைக் கொண்டுபோய் முதலில் அதில் தண்ணீர் பிடித்தான். பிடித்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ராஜப்பாவின் தென்னங்கன்றுக்கு ஊற்றினான்.

ஆள் மூலம் சொல்லி அனுப்பினான், குழாய் வந்தாயிற்று என்று. பதில் வரவில்லை. பங்குனி போயிற்று.

சித்திரை பிறந்ததும் ராஜப்பா நிஜமாகவே டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார். ஒரேயடியாகப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். அவர் ஊர் கங்கம்மா ஊருக்கு அடுத்த ஊர். சம்பங்கி, மரியகுழந்தையிடம் ஒரு காலி மருந்து பாட்டில் வாங்கி, கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்துத் தக்கை அடைத்துக் கொடுத்தான்.

“இத்த அவகிட்ட குடுங்கண்ணா. பாத்துக்கட்டும்.”

ஒரேயடியாகப் போன ராஜப்பா பன்னிரண்டாம் நாள் திரும்பிவிட்டார். “கன்னு வாடிடுமேன்னு வந்தேன்” என்றார். யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

“பாட்டிலு?” என்றான் சம்பங்கி.

“அத்த ஏன் கேக்கற. நான் போனப்போ உன் பொண்டாட்டி கெணத்தாண்ட போயிருந்தா. கெழவிதான் வாங்கிக்கினா. பாட்டில்ல அளவுக் கோடு போட்டிருக்குதில்ல? வெள்ளக்கார மருந்துன்னு நெனச்சிட்டா. காலைல ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடுன்னு முச்சூடும் குடிச்சிட்டா. திரும்பி வர்றப்போ எட்டிப் பாத்தேன். முட்டி வலி தேவலையாம். இன்னொரு பாட்டில் குடுத்தனுப்பச் சொல்றா.”

சம்பங்கியால் சிரிக்க முடியவில்லை. “கங்கா இன்னா சொன்னா?”

“அதுவா... கெழவிய காட்டிச்சு. இத்த வுட்டுட்டு எப்டிண்ணா வர்றதுன்னு கேட்டுச்சு. நான் இன்னா சொல்ல?”

அன்றைக்கு ஷிப்டில் டிரக்கைத் தள்ளும்போதுதான் அவனுக்கு உறைத்தது. முதல் நாளே சொல்லியிருந்தாள் அவள். அங்க நின்னா எங்கம்மா பக்கத்துல நிக்கறேன் என்றாள். அவன் காதில் பானை மட்டும் விழுந்திருந்தது. முக்கால் வருஷம் ஒரு சங்கத்தையே நடத்தியிருக்கிறான்.

சாயங்காலம் ஆளேற்றும் கேஜில் மேலே வந்தவன் முகம்கூடக் கழுவாமல் குழாயடிக்குப் போனான். ரத்தினம்மாவோடு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

“அக்கா, ஒரு வூட்டுக்கு ரெண்டு கை வெக்கலாமா?”

“ரெண்டா? ஏன்டா, இன்னொண்ணு கட்டிக்கப் போறியா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“மாமியா” என்றான் சம்பங்கி.

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ரத்தினம்மா அதை இறுக்கி மூடினார்.

“காயிதத்துல கீழ வெள்ளையா எடம் கீதுல்ல? போய் வாங்கியா. முட்டி வலிக்காரிக்குக் குழாயடி கழுவற முறை கெடையாதுன்னு அந்த ரைட்டரய்யாவ எழுதச் சொல்லு.”

பத்தொன்பதாவது தீர்மானம். மரியகுழந்தை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த லீவில் சம்பங்கி ரயிலேறினான். காலடியில் இரண்டு மருந்து பாட்டில், தக்கை வரை தண்ணீர். கையில் பழைய காகிதம். இந்தத் தடவையும் மடிக்கவில்லை. மடித்தால் கங்கம்மாவின் கரி அதற்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் அவனுக்குச் சுத்தமாக வேண்டியிருந்தது.