வெட்டிய இடத்தில் கிடந்த மான்

ரோஸ் நிறத் தாளில் அச்சிட்ட நோட்டீஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். மேலே ஆங்கிலத்திலும் கீழே தமிழிலும், "ஐரோப்பிய அரசவை இசை நாடகத்திலிருந்து ஒரு தாயின் பாடல்கள். மாலை ஐந்தரை மணி. அனைவரும் வருக" என்று இருக்கிறது. தேதியும் கிழமையும் உண்டு; ஆண்டு இல்லை. நோட்டீஸ் அடிப்பவர்கள் அந்த வாரத்தைத் தாண்டி யோசிப்பதில்லை. பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது என் சிறுவயதில் இரண்டு முறை. இரண்டாவது முறை வந்தபோது நாங்கள் அந்த வீட்டிலேயே இல்லை. ஆகவே முதலாவதுதான், நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

வீடு செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருந்தது. மாடியில் ஓர் அறையும் சமையல் மேடையும். கார்த்திகை முதல் பங்குனி வரை அங்கே ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர் யாராவது தங்குவார்கள். அப்பா ஆட்டோ ஓட்டினார். அப்பாவின் அக்கா, கணவர் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். வீட்டுச் சாவி அத்தையின் இடுப்பில் இருக்கும். வீட்டின் மற்ற விஷயங்களும் ஏறக்குறைய அங்கேதான் இருந்தன.

அந்த ஆண்டு மாடிக்கு வந்தவள் பிரான்ஸ் தேசத்துக்காரி. நாற்பது வயது இருக்கும். நாங்கள் மாடியம்மா என்று கூப்பிட்டோம். சின்ன மின்சாரக் கீபோர்டு ஒன்று வைத்திருந்தாள். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் கம்பியைக் கிள்ளுவதுபோல் ஒரு சத்தம் வரும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் ஊர் அரண்மனைகளில் அந்தச் சத்தம்தான் என்று சொன்னாள். இடது கை சுரங்களில் நான்கு படி இறங்கும். மறுபடி மேலே போய் அதே நான்கு படி இறங்கும். பாட்டு எங்கே போனாலும் அந்தக் கை மட்டும் மாறாது.

அவள் சாதகம் செய்தது சாயங்காலத்தில்.

"விளக்கு வெக்கற நேரத்துல இன்னா எழவுப் பாட்டு இது?" என்பாள் அத்தை. என்னைப் பார்த்து, "போய் சொல்லேண்டி. இங்கிலீஷ் மீடியம்னு பேரு."

"அவங்க ஊர்ல அதுதான் பாட்டோ இன்னாவோ, உடுங்க அண்ணி" என்பாள் அம்மா. அந்த நாட்களில் அம்மா பேசியது அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்த வாரத்தில் அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்பா சவாரியில் இருந்தார். அத்தையும், கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த சித்தப்பாவும்தான் உடனிருந்தார்கள். அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "ஆம்பளப் புள்ள. பொறக்கும்போதே மூச்சில்ல" என்று அத்தை தெருவுக்கே சொன்னாள். பேர் வைக்காத குழந்தைக்கு எங்கள் பக்கத்தில் சடங்கு கிடையாது. பறை இல்லை, பால் தெளிப்பது இல்லை. பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பதும் இல்லை. ஆண் ஒருவர் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டுக் குளித்துவிட்டு வருவார். தாய் அழுதால் அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். சித்தப்பா தன் நிலத்து வரப்போரம் புதைத்துவிட்டு வந்தார்.

ஒருமுறை மட்டும் அம்மா, "அழற சத்தம் கேட்டுச்சு அண்ணி" என்றாள்.

"அது பக்கத்து பெட்டு புள்ளம்மா. நீ மயக்கத்துல இருந்த."



மாடியம்மாவின் பாட்டுக்குப் பின்னால் இருந்த கதையை நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன். மாடியம்மா பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் எனக்குச் சொன்ன கதை. அம்மா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ராஜா சண்டைக்குக் கெளம்பறாரும்மா. கப்பல் போவறதுக்குக் காத்து வரல. பொண்ண வெட்டினாதான் காத்து உடுவேன்னு சாமி சொல்லிடுச்சாம்."

"நம்ம பாரதக் கூத்துலயும் அப்படித்தான். சண்டைக்கு முன்னாடி புள்ளையதான் வெட்டுவாங்க." கொஞ்சம் நார் உரித்துவிட்டு, "அம்மாக்காரி சும்மாவா இருந்தா?" என்று கேட்டாள்.

"அவங்களுக்குத் தெரியாது. கல்யாணம்னு சொல்லிதான் பொண்ண கூட்டினு வரச் சொன்னாங்க."

"கடைசில?"

"சாமியே வந்து பொண்ண தூக்கினு போயிடுச்சு. வெட்டின எடத்துல பாத்தா மான் கெடந்துச்சாம்."

"அம்மாக்காரி பாத்தாளா?"

எனக்குத் தெரியவில்லை. மாடிக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

"பாக்கலயாம். ஒரு ஆளு வந்து சொன்னானாம்."

அம்மா காயைக் கீழே வைத்தாள். "ஆளு வந்து சொன்னா ஆச்சா" என்றாள்.

பிற்காலத்தில் இதைப் பற்றி நிறையப் படித்தேன். கதை கிரேக்க நாடகங்களில் இருந்து வந்தது. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து ஐரோப்பியக் கவிகள் அதைத் தங்கள் மொழியில் நாடகமாக எழுதினார்கள். அங்கிருந்து இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அரசவைக்கு வருகிறவர்கள் நகை போட்டுக்கொண்டு வருகிறவர்கள். மனம் கனத்து வீட்டுக்குப் போக விரும்பமாட்டார்கள். அதனால் முடிவில் கயிறும் உருளையும் வைத்துத் தேவதையை மேகத்தோடு இறக்கி, பெண்ணைப் பிழைக்க வைத்துவிடுவார்கள். எல்லோரும் சேர்ந்து ஆடுவார்கள். தாயிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கவியைவிட உருளை இழுப்பவனுக்குக் கூலி அதிகம் என்றுகூட எங்கோ படித்தேன், சரிபார்க்கவில்லை.

நிகழ்ச்சி, ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையின் மொட்டைமாடியில் நடந்தது. அம்மா வருகிறேன் என்றது எல்லோருக்கும் ஆச்சரியம். "ஒண்ணரை மாசமா வாசப்படி தாண்டல. போயிட்டு வரட்டுங்கா" என்று அப்பா சொன்னதால் அத்தை மறுக்க முடியவில்லை. ஆனால் தானும் வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். பாயில் முப்பது நாற்பது வெளிநாட்டவர் அசையாமல் இருந்தார்கள். பின்னால் மலை.

மாடியம்மா சிவப்புப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"கல்யாணப் பொண்ணாட்டம் கட்டினு வந்து எழவு பாடறா பாரு" என்று அத்தை என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசிப் பாட்டுக்கு முன் மாடியம்மா கொண்டையை அவிழ்த்து முடியைத் தோளில் விட்டாள். பெண்ணைப் பறிகொடுக்கப்போகும் தாயின் பாட்டு. இடது கை நான்கு படி இறங்கத் தொடங்கியது. அவள் குரல் மேலே போய் உடைந்து, மறுபடி போயிற்று.

எங்கள் பக்கத்தில் ஒருத்தி தலைவிரித்து அழும்போது இன்னொருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கமாட்டாள். அருகே போய் உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு, அவள் விட்ட இடத்தில் தான் எடுப்பாள். தெரியாதவளாக இருந்தாலும் அப்படித்தான். அம்மா எழுந்தாள். அத்தை புடவையைப் பிடித்து இழுப்பதற்குள், பாய்களைத் தாண்டிப் போய் மாடியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டாள். மாடியம்மாவின் குரல் நின்றது. இடது கை மட்டும் நிற்கவில்லை. அந்த நான்கு படிகளின் மேல் அம்மா எடுத்தாள்:

"மாரு கட்டி நோவுதடி
மகளே உன் வாய் எங்கயடி
பால் பீச்சி மண்ணு நனைஞ்சுதடி
பசிச்ச வாய் எங்கயடி"

அதையே திரும்பத் திரும்பப் பாடினாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வேறு எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிற எனக்கு இதற்கு இல்லை.

அம்மா நிறுத்தியதும் மாடியம்மாவின் கையும் நின்றது. பிறகு யாரோ ஒருவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். ஏற்பாடு செய்து பாடவைத்ததாக நினைத்திருப்பார்கள். என் அம்மாவுக்கு இத்தனை பேரா என்று எனக்கும் பெருமையாக இருந்தது. கை சிவக்கத் தட்டினேன். மாடியம்மா மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள்.

"எழுந்திரு. மானத்த வாங்கனது போதும்" என்றாள் அத்தை.

கீழே அப்பா ஆட்டோவில் காத்திருந்தார். பெண்கள் இருவரும் பின்னால் ஏறினார்கள். நான் அப்பாவை ஒட்டி முன்னால் உட்கார்ந்தேன்.

"நல்லா இருந்துச்சா?"

"அம்மா பாடினாங்கப்பா! எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க!"

"இன்னா பாடினா?"

நான் ராகத்தோடு பாடிக் காட்டினேன். இரண்டு அடி முடிவதற்குள் ஆட்டோ ரோட்டோரம் நின்றது. அப்பா பின்னால் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தார். பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

"மகளேன்னா பாடினா?" என்றார் மெதுவாக.

"ஆமாம்பா. என்னத்தான்."

அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் இருந்த மகள் நான் ஒருத்திதான். எனக்கு எந்நேரமும் பசிக்கும் என்பதும் தெருவுக்கே தெரிந்த விஷயம்.

"ரோட்ல நிறுத்தினு இன்னா பாட்டுக் கச்சேரி? வண்டிய எடுடா" என்றாள் அத்தை. அப்பா எடுத்தார்.

மாடியம்மா அந்த வாரமே அறையைக் காலி செய்தாள். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை. அதன் பிறகு அம்மா பாடிக் கேட்டதில்லை. இரண்டு வருடம் கழித்துத் தம்பி பிறந்தான்; அவனைச் சத்தமில்லாமல்தான் தூங்கவைத்தாள். அத்தை இறந்தபோது வந்திருந்த பெண்களெல்லாம் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா சமையலறையில் வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். போன ஆண்டு அம்மாவும் போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு அந்தக் குழந்தையைப் பற்றி அப்பாவைக் கேட்டேன்.

"அக்கா வந்து சொன்னதுதாம்மா எனக்கும் தெரியும்" என்றார்.

"ஒரு நாள்கூட அத்தைய கேக்கலியாப்பா?"

"கேட்டு? அவ வேற மாதிரி சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

சித்தப்பாவைக் கேட்கக் கீழ்பென்னாத்தூர் போனேன். வரப்பு இருந்த இடத்தில் இப்போது மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். "துணி சுத்திக் குடுத்தாங்க. எடுத்தாந்தேன். பிரிச்சுப் பாக்கல" என்றார். பிறகு அவராகவே, "சூடு இருந்துச்சா இல்லியான்னு கேக்காத" என்றார். அதை நான் கேட்டிருக்கவில்லை.

நோட்டீஸின் ஆண்டு உறுதி. பிறந்தது பெண்ணா, ஆணா. அம்மா கேட்ட அழுகை பக்கத்துக் கட்டில் குழந்தையுடையதா, இல்லையா. இவை இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.